அச்சுப்பொறிக்கு ஒரு துபாஷி



கணினி ஒன்றில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் நிறுவப்பட்டிருக்கிறது. அச்சுப்பொறியைக் கொண்டுவந்து அதன் வடத்தைச் செருகுகிறீர்கள். பச்சை விளக்கு எரிகிறது. அச்சிடுமாறு கட்டளை கொடுக்கிறீர்கள். பொறி ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடுகிறது, தாள் வெளிவரவில்லை. கடைவீதியில் விசாரித்தால், "லினக்சில் பிரிண்டர் ஓடாது தம்பி, விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று விடை வருகிறது. ஸ்கேனர் என்று வாயெடுத்தாலோ, கேள்வி முடியுமுன்பே தலையை அசைத்துவிடுகிறார்கள். இந்த விடையைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம் தஞ்சைத் தரணியில் பலர் உண்டு. அவர்களுள் பலரது பொறி உண்மையில் ஓடக்கூடியதே. அது ஏன் ஓட மறுக்கிறது, எவ்வாறு ஓடச் செய்யலாம் என்பதையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

இது அற்பச் செய்தி என்று தோன்றலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவன் தன் மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் ஸ்கேனரில் படியெடுத்து இணையத்தில் ஏற்றியாக வேண்டும். சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்யும் உழவர் அடங்கலின் அச்சுப்படியோடு நிற்க வேண்டும். இவை இரண்டுக்கும் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது. அந்நாளில் வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும் பொறி வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தால், பேருந்து ஏறி நகரத்துக்குப் போய் வரிசையில் நிற்பதைத் தவிர வழியில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் பயணம் எத்தகையது என்பதை வேதாரண்யத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சுப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. 'அ' என்ற வடிவத்தை அது அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் புள்ளி. அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் லேசர்ப் பொறி ஒன்று, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏ4 தாளை ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகளாகக் காண்கிறது. எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெள்ளை என்று யாரேனும் அதற்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மொழியோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியில் மாதிரிக்கு மாதிரி வேறு. கணினி பேசுவது ஒரு மொழி, பொறி பேசுவது மற்றொரு மொழி. இடையில் நின்று பெயர்த்துச் சொல்லும் சிறு நிரலைத்தான் டிரைவர் என்றும், தமிழில் இயக்கி என்றும் வழங்குகிறோம். எனக்கு இவ்விரண்டு பெயரினும் நம் சோழமண்டலக் கரையின் பழைய சொல்லொன்று பொருத்தமாகப் படுகிறது. அந்நிய வணிகருக்கும் உள்ளூராருக்கும் இடையே இருமொழி அறிந்து நின்றவரைத் துபாஷி என்றார்கள். டிரைவர் என்பது அந்தத் துபாஷிதான். துபாஷி இல்லாத இடத்தில் கப்பல் நிறையச் சரக்கு வந்திருந்தாலும் வியாபாரம் நடவாது.

அச்சுப்பொறி வந்து சேர்ந்தும் வேலை நடவாத இடர்ப்பாடு நம் காவிரிப் படுகைக்குப் புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் அது நேர்ந்திருக்கிறது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் அக்கடற்கரை ஊர் அப்பொழுது டேனியர் வசம் இருந்தது. 1706-ஆம் ஆண்டு அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தமிழ் கற்றுத் தமிழில் நூல் அச்சிட விரும்பினார். இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சுப்பொறியும், அதனை இயக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியும் கப்பலேறினர். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அக்கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பொறி ஒருவாறு தப்பி 1712-இல் வந்து சேர்ந்தது. தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். பொறி இருக்கிறது, இயக்குவோர் இல்லை! வடத்தைச் செருகிவிட்டுத் திகைத்து நிற்கும் இன்றைய மாணவனின் நிலைதான் அது. நல்வாய்ப்பாகக் கோட்டைச் சிப்பாய்களுள் அச்சுத்தொழில் அறிந்த ஒருவர் அகப்பட்டார், வேலை தொடங்கிற்று.

அடுத்த தடை எழுத்து. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் வெட்டிய எழுத்துகள் அவை. மிகப் பெரியனவாக இருந்தன. ஒரு பக்கத்தில் அடங்க வேண்டியது பல பக்கங்களை விழுங்கிற்று. தாளோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். என்ன செய்தார்கள்? ஹாலேக்கு எழுதி இன்னோர் ஆண்டு காத்திருக்கவில்லை. எழுத்து வார்க்கும் முறை அவர்களுக்குத் தெரிந்திருந்ததால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டியின் ஈய உறைகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அச்சு வரலாறு எழுதியோர் குறித்திருக்கிறார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714-இலும், எஞ்சிய பகுதி 1715-இலும் வெளிவந்தன. பக்கத்து ஊராகிய பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் ஏற்பட்டது. இந்நிகழ்ச்சியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. எழுத்து வார்க்கும் முறை மறைக்கப்பட்ட இரகசியமாக இருந்திருந்தால், பெரிய எழுத்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் கையைப் பிசைந்திருப்பார்கள்.

(தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் தேவநாகரி எழுத்தோடு அச்சகம் நிறுவி, 1806-இல் ஈசாப்புக் கதைகளை மராத்தியில் வெளியிட்டதும் இந்த வரிசையில் சேர்த்து எண்ணத்தக்கது. அது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருள்.)

இனி, கடல்கடந்து போவோம். 1980-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் இளைஞர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்குக் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகுமாறு அவர் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சுப்பொறியொன்றை அன்பளிப்பாகத் தந்தது. அதிலும் தாள் சிக்கிற்று. ஆனால் அதே திருத்தத்தைச் செய்ய இயலவில்லை. மூல நிரல், அதாவது மனிதர் படித்துப் பொருள்கொள்ளக்கூடிய வடிவத்திலுள்ள நிரல், உடன் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அது ஒருவரிடம் இருப்பதை அறிந்து நேரில் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருக்கிறேன் என அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் உள்ளத்தில் தைத்தது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றைப் படைக்கப்போவதாக அறிவித்தார். குனு என்பது அதன் பெயர். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் என்னும் கரு அதனோடு சேர்ந்தது. உலகத்துக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்தில் ஓர் அச்சுப்பொறி நிற்கிறது. அதே இயங்குதளத்தில் அச்சுப்பொறி ஓடவில்லை என்று நாம் முறையிடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது அல்லவா?

லினக்ஸ் நம் மாணவர்களுக்கு அயலான பொருளுமன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய வடிவத்தை 2007-இல் வெளியிட்டார்கள். 2011-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோசோடு இதுவும் இடம்பெற்றிருந்தது. திறந்துபார்த்தவர் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

லினக்சில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருளுக்குக் கப்ஸ் என்று பெயர். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனத்தாரும் தம் கணினிகளுக்கு இதனையே எடுத்துக்கொண்டு, 2007-இல் இதன் உரிமையை விலைக்கு வாங்கினார்கள். மூல நிரல் மட்டும் திறந்தபடியே இருந்தது. விலையுயர்ந்த அந்தக் கணினியிலும் உங்கள் பாஸ் லினக்சிலும் அச்சுக்குப் பொறுப்பாளர் ஒருவரே என்றால் கடைக்காரர் நம்ப மாட்டார். ஆயினும் அது உண்மை.

கப்ஸ் செய்யும் வேலை, கால்வாயில் முறை வைத்து நீர் விடும் வேலை போன்றது. எத்தனை பேர் அச்சுக்கு அனுப்பினாலும் வரிசையில் நிறுத்தி, உரிய துபாஷியிடம் ஒவ்வொன்றாய் ஒப்படைத்து, பொறிக்கு அனுப்புகிறது. தலைமடையில் அடைப்பு ஏற்பட்டால் கடைமடைக்கு நீர் வராது என்பது நீங்கள் அறிந்ததே. வரிசையில் முதலில் நிற்கும் வேலை ஒன்று பழுதுபட்டு நின்றால் பின்னால் வருவன யாவும் நின்றுவிடும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அச்சிடும்போது மின்சாரம் நின்றாலோ, வடம் கழன்றாலோ, பல அமைப்புகளில் கப்ஸ் அந்த அச்சுப்பொறியை 'நிறுத்தப்பட்டது' என்று குறித்துவைத்துவிடும். மின்சாரம் மீண்ட பின்னும் அக்குறிப்பு தானாக நீங்காது. பொறி செத்துவிட்டது என்று எண்ணி மெக்கானிக்கைத் தேடுகிறோம். உலாவியின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 631 என்ற எண்ணைச் சேர்த்துத் திறந்தால் கப்சின் அலுவலகமே கண்முன் வரும். அங்கே அச்சுப்பொறியின் பெயரைத் தொட்டு, மீண்டும் தொடங்குமாறு ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும். பள்ளிகளில் 'ஓடாத' அச்சுப்பொறிகள் சிலவற்றை நான் இவ்வளவு சிறிய வைத்தியத்தால் எழுந்து நடக்கக் கண்டிருக்கிறேன்.

எல்லாப் பொறியும் அவ்வளவு எளிதில் எழுவதில்லை. அச்சுப்பொறிகளில் இரு சாதி உண்டு. ஒரு சாதி கல்வி கற்றது. போஸ்ட்ஸ்கிரிப்ட், பி.சி.எல். போன்ற பக்க மொழிகளைத் தானே அறியும். இன்ன இடத்தில் இன்ன எழுத்து என்று சொன்னால் புள்ளிகளைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். இவற்றோடு லினக்சுக்கு என்றுமே பிணக்கு இல்லை. மற்றச் சாதி விலை குறைவானது. மூளைக்கு ஆகும் செலவைக் கம்பெனி மிச்சப்படுத்திவிட்டு, கணக்கு முழுவதையும் கணினியின் தலையில் ஏற்றிவிடும். கணினி புள்ளிகளைச் சமைத்து, அக்கம்பெனிக்கே உரிய இரகசிய மொழியில் ஊட்டவேண்டும். நம் ஊர்ச் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் காணப்படும் குட்டி லேசர்ப் பொறிகள் பல இரண்டாவது சாதியைச் சேர்ந்தவை. சிக்கல் பிறக்கும் இடமும் இதுவே.

எச்.பி. லேசர்ஜெட் 1020 என்னும் சிறு பொறியை எடுத்துக்கொள்ளுங்கள், நாடெங்கும் பரவியது. அது தான் இயங்குவதற்கு வேண்டிய நிரலைக்கூடத் தன்னுள் நிலையாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினி அந்நிரலை அதற்குப் புதிதாக அனுப்ப வேண்டும். மின்சாரம் நின்றதும் யாவும் மறந்துபோகும். காலையில் எழுந்ததும் தன் பெயரையே ஒருவர் சொல்லித்தரக் கேட்கும் மனிதனைப் போன்ற பொறி அது. விண்டோசில் இது ஓசையின்றி நடந்துவிடும். லினக்சில் அந்த நிரற்கோப்பை உரிய இடத்தில் வைத்தால்தான் நடக்கும். வைக்காதவர், "கணினி பொறியைக் கண்டுகொள்கிறது, வரிசையில் வேலையும் நிற்கிறது, தாள் மட்டும் வரவில்லை" என்று குழம்புவார். எச்.பி. நிறுவனத்தார் தம் அச்சுப்பொறிகளுக்காக எச்.பி.லிப் என்ற லினக்ஸ் மென்பொருளை வெளியிட்டு, அதன் பெரும்பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். 1020 போன்ற சில மாதிரிகளுக்கு மட்டும் மூடிய துணைக்கோப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை சேர்த்துவிட்டால் பின்பு தொல்லையில்லை.

வேறு சில பொறிகளுக்குக் கம்பெனி துபாஷியைக் கொடுத்திருக்கும். மூல நிரலைக் கொடுத்திராது. அத்துபாஷி 32 பிட்டுக் கணினிக்காகச் சமைக்கப்பட்டிருப்பான். கணினிகள் 64 பிட்டுக்கு மாறியபின் அவனைக் கொண்டுவருவதற்குப் பழைய துணை நிரல்களையும் பரிவாரமாக அழைத்துவர வேண்டும். கம்பெனி அவனைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால் கதை அதோடு சரி. பொறியின் பற்சக்கரமும் உருளையும் நன்றாக இருக்கும். பேச்சுத்துணைக்கு மட்டும் ஆள் இராது. இந்நிலை விண்டோசுக்கும் உண்டு என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. விண்டோசின் பழைய பதிப்பில் ஓடிய ஸ்கேனர், புதிய பதிப்பு வந்ததும் டிரைவர் இன்றி அலமாரியின் மேல் ஏறிய வரலாறு பல அலுவலகங்களில் உண்டு. அத்தகையன பல லினக்சில் இன்றும் ஓடுகின்றன. துபாஷியின் மூல நிரல் பொதுச் சொத்தாக இருப்பதால், கம்பெனி கைவிட்ட பின்னும் எவராவது ஒருவர் அதனைச் செப்பனிட்டு வைக்கிறார்.

அந்த 'எவராவது ஒருவர்' யார் என்று நினைத்துப்பாருங்கள். கம்பெனி மொழியைச் சொல்ல மறுத்தபோது, பொறிக்கும் விண்டோசுக்கும் இடையே வடத்தில் ஓடும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, இந்தக் குறிக்கு இது பொருள் என்று ஒவ்வொன்றாய் ஊகித்து, அகராதி இல்லாத மொழிக்கு அகராதி செய்த பொறுமைசாலிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். பலர் சம்பளம் பெறாதவர்கள்.

இப்பொழுது நிலைமை பெரிதும் மாறிவருகிறது. கைப்பேசியிலிருந்து அச்சிட வேண்டும் என்ற விருப்பமே அதற்குக் காரணம். ஆயிரம் பொறிகளுக்கு ஆயிரம் துபாஷிகளைக் கைப்பேசிக்குள் அடைக்க முடியாது. ஆகவே ஆப்பிள் நிறுவனம் 2010-இல் ஏர்பிரிண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அச்சுப்பொறிகளே ஒரு பொதுமொழியைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதையொத்த பொதுநெறி 'ஐ.பி.பி. எவ்ரிவேர்' என்ற பெயரில் கம்பெனிகளின் கூட்டவையால் வகுக்கப்பட்டது. இந்த மொழி தெரிந்த பொறிக்குத் தனித் துபாஷியே தேவையில்லை. 2021-இல் வெளிவந்த டெபியன் 11-ஆம் பதிப்பிலிருந்து, வடத்தின் வழியாகவும் இம்முறையில் அச்சிடவும் படியெடுக்கவும் வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே புதிய பொறி வாங்குவோர்க்கு நான் சொல்வது: பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் என்ற சொல்லைக் கடைக்காரரிடம் எடுக்கவே வேண்டாம். வீண் வாதம் மிச்சம்.

ஒரு முடிச்சு மட்டும் இதில் உண்டு. பொதுமொழி வழியாக வடத்தைக் கையாளும் நிரல், பொறியைத் தனக்கே உரியதாகப் பிடித்துக்கொள்ளும். பழைய முறைத் துபாஷியையும் நீங்கள் நிறுவியிருந்தால் அவனுக்குப் பொறி கண்ணில் படாது. இரண்டையும் போட்டுவிட்டு இரண்டும் ஓடவில்லை என்று வருந்துவதைவிட, ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை ஓட்டுவதே முறை.

இனி ஸ்கேனர். தமிழில் வருடி என்கிறோம். தாளின் மேல் ஒளியால் தடவிச் செல்வதால் அப்பெயர். அச்சும் வருடலும் ஒரே பெட்டியில் வரும் பொறிகள் இன்று மிகுதி. "பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் வரவில்லை, பொறியில் பழுது" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் பலர். பெட்டி ஒன்றாயினும் உள்ளே துறை இரண்டு. அச்சுக்குக் கப்ஸ், வருடலுக்கு 'சேன்' என்னும் வேறு மென்பொருள். 1990-களின் பிற்பாதியில் பிறந்தது அது. ஒரு துறைக்குத் துபாஷி இருப்பதால் மற்றொன்றுக்கும் இருப்பதாகக் கொள்ளக்கூடாது. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

ஸ்கேனர் தெரியவில்லையென்றால் வரிசையாகச் சோதியுங்கள். முனையத்தைத் திறந்து, யு.எஸ்.பி. வழியே இணைந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுங்கள். உங்கள் கருவி அதில் இல்லையெனில் குறை வடத்திலோ மின்சாரத்திலோ இருக்கிறது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. பட்டியலில் இருந்தும் ஸ்கேன் செய்யும் செயலி காணவில்லையெனில், நிர்வாகி உரிமையோடு ஒருமுறை முயலுங்கள். அப்பொழுது தெரிந்தால், கருவியைத் தொடும் அனுமதி உங்கள் கணக்குக்கு இல்லை என்பது பொருள். 'ஸ்கேனர்' என்ற பயனர் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும். நிர்வாகிக்கும் தெரியவில்லையெனில்தான் துபாஷியைத் தேட வேண்டும். சில பழைய ஸ்கேனர்கள் முன்சொன்ன 1020-ஐப் போல நிரற்கோப்பைக் கணினியிடம் கேட்டு வாங்கும் இனத்தவை. அக்கோப்பு பெரும்பாலும் பொறியோடு வந்த குறுந்தகட்டில் இருக்கும். குறுந்தகட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

ஸ்கேனர் ஓடிவிட்டதும் மாணவர்கள் செய்யும் ஆர்வக்கோளாறு, எல்லாவற்றையும் உச்ச நுட்பத்தில் படியெடுப்பது. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் 87 லட்சம் புள்ளி. 600 என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. விண்ணப்ப இணையதளமோ இத்தனை கிலோபைட்டுக்குள் என்று வரம்பு கட்டியிருக்கும். சான்றிதழுக்கு 150 அல்லது 200 போதும். அச்சிட்ட பக்கத்தை எழுத்தாக மாற்ற விரும்பினால் 300 வேண்டும். அவ்வாறு மாற்றித் தருவதற்கும் டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தார் 1985-இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் வளர்த்து, பின் கிடப்பில் போட்டு, 2005-இல் பொதுவுடைமையாக்கியது, தமிழும் படிக்கும். தெளிவாக அச்சிட்ட பக்கமாயின் நன்றாகவே படிக்கும். பாட்டனார் காலத்துக் கையெழுத்துப் பத்திரத்தை அதன் முன் வைத்தால் உளறும். அதற்கு நாமும் நம் கண்ணுமே கதி.

தமிழ் என்றதும் மற்றொரு முறையீடு நினைவுக்கு வருகிறது. "ஆங்கிலம் அச்சாகிறது, தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது; இந்த அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியவில்லை." முன்பே சொன்னேன், எந்தப் பொறிக்கும் எந்த மொழியும் தெரியாது. 'கொ' என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னொரு குறியும் பின்னொரு குறியும் நிற்க வேண்டும் என்பதைக் கணினியே தீர்த்துப் புள்ளியாக்கி அனுப்புகிறது. திரையில் சரியாகத் தெரியும் தமிழ் தாளில் கெடுமாயின், ஆவணத்தைப் பி.டி.எஃப். ஆக மாற்றி, எழுத்துருவை உள்ளே பொதிந்து அச்சிடுங்கள். திரையிலேயே கட்டம் தெரிந்தால் யூனிகோடுத் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. யூனிகோடு பரவுமுன் தனிக் குறியேற்றங்களில் தட்டச்சு செய்த பழைய கோப்பாயின் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இம்மூன்றிலும் அச்சுப்பொறியின் குற்றம் ஏதுமில்லை.

லினக்ஸ் அன்பர்கள் சிலர் எந்தப் பொறியும் ஓடும் என்று மார்தட்டுவார்கள். அதுவும் சரியன்று. அச்சுப்பொறிகளுக்கென ஓபன்பிரிண்டிங் குழுவினர் தொகுத்த பட்டியலில் நன்றாக ஓடுவது, ஓரளவு ஓடுவது என்ற பிரிவுகளோடு, 'தாள் பறக்காமல் வைக்கும் எடைக்கல்' என்றே ஒரு பிரிவு இருந்தது! இந்த நேர்மையை நான் மெச்சுகிறேன். பழைய பொறியை மலிவாக வாங்குமுன் அதன் மாதிரி எண்ணை இத்தகைய பட்டியலில் தேடிப்பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பொறிக்குள் இருக்கும் எடைக்கல்லுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

ஸ்கேனர்களுக்குச் சேன் குழுவினர் வைத்திருக்கும் பட்டியலும் இவ்வாறே. முழுமையாக ஓடுவன, நன்றாக ஓடுவன, அடிப்படை வேலை மட்டும் செய்வன, மிகக் குறைவாகச் செய்வன, ஓடாதன என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இவற்றோடு 'சோதிக்கப்படாதவை' என்றொரு தரமும் உண்டு. துபாஷி ஆயத்தமாக இருப்பான். அந்த மாதிரிக் கருவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் செருகிப்பார்த்து, ஓடிற்றா இல்லையா என்று எழுதி அனுப்பாததால் அப்படியே நிற்கிறது. எழுத வேண்டியதும் அதிகமில்லை. கருவியின் மாதிரிப் பெயர், யு.எஸ்.பி. பட்டியலில் அதற்கு நேரே காணும் இரு நான்கிலக்கக் குறிகள், லினக்சின் பதிப்பு, சாம்பல் நிறத்திலும் வண்ணத்திலும் படம் வந்ததா என்பது. உங்கள் பள்ளியின் ஆய்வுக்கூட அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஸ்கேனரின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் எண், அந்த வரிசையில் காத்திருக்கும் எண்களுள் ஒன்றாகவும் இருக்கலாம்.